அலங்காரப் பொருள், எண்ணிக்கை ஒன்று

நகராட்சி அலுவலகத்தின் முன்கூடத்தில் வைக்கப்பட்டிருந்த சிற்பம் தன் முதல் ஆணையை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்குப் பிறப்பித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெருவில் இருக்கும் தையல்காரம்மாவின் வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு வழங்கப்பட்டது என்பது அதன் சாரம். காகிதத்தின் அடியில் ஆணையரின் கையெழுத்து இருந்தது, ஊதா முத்திரை இருந்தது, முத்திரையின் மை இன்னும் காயாமல் இருந்தது. அந்த நேரத்தில் ஆணையர் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார் என்பதற்கு மருத்துவரும் நர்சும் சாட்சி. தையல்காரம்மா வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் ஒரு குழாய் நின்றிருந்தது. திறந்தார், தண்ணீர் வந்தது. மறுநாள் பொறியாளர்கள் வந்து தோண்டிப் பார்த்தார்கள். குழாய் மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கி அங்கேயே முடிந்திருந்தது. அதற்குக் கீழே காய்ந்த மண்ணும் ஓர் உடைந்த பொத்தானும் மட்டும்தான். தண்ணீர் நல்ல அழுத்தத்தில் வந்துகொண்டிருந்தது. பொறியாளர்கள் ஆளுக்கொரு சொம்பு குடித்துவிட்டு, குழியை மூடிவிட்டுப் போனார்கள்.

இந்தச் செய்தி மாடிக்கு வந்தபோது பதினான்காம் இருக்கையில் இருந்த எழுத்தருக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இருபது வருடமாக அந்த இருக்கையை விட்டு நகராததால் ஆணையர் ஒருவரைத் தவிர அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பதினாலக்கா என்றே கூப்பிட்டார்கள். தையல்காரம்மாவின் மனு ஆறு வருடமாக அவள் மேசையில்தான் இருந்தது. மனுவோடு இருக்க வேண்டிய மூன்றாம் இணைப்புத் தாளைக் காணவில்லை என்று அவள் நான்கு முறை எழுதி அனுப்பியிருந்தாள். நான்கு முறையும் தையல்காரம்மா இரண்டாம் இணைப்பையே மறுபடி கொண்டுவந்து கொடுத்திருந்தார். பதினாலக்கா கறாரானவள், கெட்டவள் கிடையாது. கை நீட்டிப் பழக்கமில்லாதவள். யாருடைய கோப்பையும் மேலே தூக்கி வைத்ததுமில்லை, அடியில் சொருகியதுமில்லை. வந்தது வந்த வரிசையில் போகும். அந்த வரிசை ஆணையரின் மேசையைத் தொட்டதும் அசையாமல் நின்றுவிடுகிறது என்றால் அதற்கு அவள் என்ன செய்வாள்? அப்படியிருக்க, கீழே நிற்கும் ஒரு பொம்மை மூன்றாம் இணைப்பு இல்லாமலே ஆணை போட்டுவிட்டது என்று கேட்டால் வயிறு எரியுமா எரியாதா? போதாததற்கு, அந்தப் பொம்மையைச் செய்தவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி.

அவனை ஊரில் நட்டு என்பார்கள். சட்டைப்பையில் எப்போதும் நட்டும் போல்ட்டும் குலுங்கிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர் வந்ததாக அவன் சொல்வான். தலைக்குள் ஒன்று கழண்டிருப்பதால் வந்ததாக மற்றவர்கள் சொல்வார்கள். ஓவியக் கல்லூரியில் படித்து முடித்து, இரண்டு மாதம் தங்கிக்கொள்கிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தவன், ஒன்பது வருடமாக அங்கேயே இருந்தான். நகராட்சிக்குப் புதுக் கணினிகள் வந்தபோது பழையவற்றைக் கழித்துக்கட்டி சைக்கிள் கொட்டகையில் மலைபோலக் குவித்திருந்தார்கள். எடுத்துப்போக ஆள் வரவில்லை. நட்டு போய்க் கேட்டான். ஆணையர் கும்பிடாத குறையாகக் கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கீபோர்டு, தொண்ணூற்றாறு மானிட்டர், நாற்பத்தொரு பிரிண்டர், எண்ண முடியாத அளவுக்கு வயர். வண்டியில் ஏழு நடையாக அத்தனையும் பதினாலக்காவின் இரண்டு அறை வீட்டுக்கு வந்து இறங்கின. அன்று முதல் அந்த வீட்டில் கட்டிலுக்கு அடியில் மானிட்டர், பீரோவுக்கு மேலே பிரிண்டர், சாப்பாட்டு மேசை நாற்காலியில் மதர்போர்டு. பருப்பு டப்பாவைத் திறந்தால் கீபோர்டிலிருந்து கழற்றிய எழுத்துகள் இருக்கும். பருப்பு எங்கே என்றால் அவனுக்கே தெரியாது.

“டேய், குளிக்கப் போனா வாளியில கீபோர்டு ஊறுது. அது நல்லா ஊறிடுச்சா, இல்ல இன்னும் ஒரு விசில் விடணுமா?” என்று ஒரு நாள் அவள் குளியலறையிலிருந்து கத்தினாள்.

“அழுக்கு போகணும்லக்கா. இருபது வருஷ விரல் அழுக்கு.”

“அதுல பாதி என் விரல் அழுக்குடா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். வாளியைக் குடு, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு.”

ஒன்றரை வருடம் இப்படி ஓடிய பிறகு சிற்பம் உருவாயிற்று. அதில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது, நடக்கத்தான் வேண்டும். கீபோர்டுகளையெல்லாம் ஒட்டி ஒட்டி அடுக்கி, ஒரு சின்ன அறை அகலத்துக்குத் தரைபோலப் பரப்பியிருந்தான். எதிரே மானிட்டர்களால் ஒரு சுவர். இரண்டு பக்கமும் பிரிண்டர்கள் வரிசை கட்டி நின்றன. ஆட்கள் கீபோர்டின் மேல் நடந்தால் திரைகளில் கன்னாபின்னா என்று எழுத்துகள் ஓடும், உள்ளே இருக்கும் குட்டி விசிறிகள் சுற்றும், பிரிண்டர்கள் கரகரவென்று சத்தம் போடும். அவ்வளவுதான் அவன் திட்டம். “இத்தனை வருஷம் ஜனங்க இந்தப் பொட்டிங்களுக்கு முன்னாடி கால் கடுக்க நின்னாங்க. இனிமே அதுங்க மேல நடக்கட்டும்” என்று விளக்கம் சொன்னான். முன்கூடம் வெறிச்சென்று இருப்பதாக மேலிடத்திலிருந்து வந்த யாரோ சொல்லியிருந்ததால் ஆணையர் உடனே ஒப்புக்கொண்டார். அலுவலகத்துக்குள் வரும் எந்தப் பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். பதினாலக்கா பேனாவை எடுத்து, சிற்பம் என்று ஒரு வகையே பதிவேட்டில் இல்லாததால், ‘அலங்காரப் பொருள், எண்ணிக்கை ஒன்று’ என்று எழுதி, பெருமூச்சு விட்டு, கையெழுத்துப் போட்டாள். வீட்டில் வாளி காலியானதே போதும் என்றிருந்தது அவளுக்கு.

தையல்காரம்மாவுக்குப் பிறகு இரண்டாவதாக மிதித்தவர் ஒரு தீயணைப்பு வீரர். பிறப்புச் சான்றிதழில் ஐந்து வயதைக் கூட்டி எழுதிவிட்டதால் காலத்துக்கு முன்பே ஓய்வு பெற்றவர். ஆணை வந்தது, ஐந்து வயது குறைந்தது. முன்னந்தலையில் முடி முளைத்தது, முழங்கால் வலி போயிற்று, அடுத்த திங்கட்கிழமை பழைய சீருடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு வயது சின்னவளாக இருந்த அவருடைய மனைவி இப்போது மூன்று வயது மூத்தவளாகிவிட்டதால் அவள்தான் நகராட்சிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் செய்தாள். எல்லைத் தகராறில் இருந்த ஒரு மதில் சுவர் சாப்பாட்டு வேளையில், மேலே படர்ந்திருந்த கொடியோடும் அதில் உட்கார்ந்திருந்த பூனையோடும், இரண்டடி தள்ளிப் போய் நின்றது. இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று கேட்டவர்களிடம் நட்டு தலையைச் சொறிந்தான். எல்லா மனுவும் அந்தக் கீபோர்டுகளில்தான் அடிக்கப்பட்டன, அதனால் அவற்றுக்குத் தெரிந்திருக்கும் என்றான். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

தொல்லை மூன்றாம் வாரத்தில் ஆரம்பித்தது. சிற்பம் மனுக்களைத் தேதி வரிசையில்தான் எடுத்தது. மிதிப்பவர் இன்று எதற்காக வந்திருக்கிறார் என்று அது பார்க்கவில்லை. அவர் குடும்பத்தில் எவருடைய மனு அதிக நாள் நிலுவையில் இருக்கிறதோ அதற்கு முதலில் ஆணை போட்டது. கடை உரிமத்தைப் புதுப்பிக்க வந்த முடிதிருத்துபவருக்கு, இறந்துபோன அவருடைய அப்பா பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் தெருவை அகலப்படுத்தக் கேட்டுக் கொடுத்திருந்த மனு நிறைவேறியது. அவர் திரும்பிப் போனபோது தெரு அகலமாகியிருந்தது, கடையின் முன்பாதியைக் காணோம். வாடிக்கையாளர் ஒருவர் பாதி மழித்த முகத்தோடு நாற்காலியில் நட்ட நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தார், இருபுறமும் வண்டிகள் ஒலி எழுப்பிக்கொண்டு போயின. தெருவிளக்குக்காக வந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, எப்போதோ பக்கத்து வீட்டு வாத்தியக் குழுவின் சத்தத்தைத் தடுக்கக் கோரியது இப்போது கிடைத்தது. அன்று முதல் அவர் வீட்டுக்குள் எந்தச் சத்தமும் கேட்பதில்லை. கதவைத் தட்டினால் கேட்காது, பால் பொங்கினால் கேட்காது. அவரும் அவர் மனைவியும் சிலேட்டில் எழுதி எழுதிச் சண்டை போட்டார்கள். இதையெல்லாம் முறையிட ஊர் எங்கே வரும்? பதினான்காம் இருக்கைக்குத்தான் வந்தது.

அவளும் விடிந்ததிலிருந்து சாயந்திரம்வரை பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனாள். “அதை நான் வெக்கலை, நான் போடலை, எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை” என்று அவள் சொன்னால், “உங்க தம்பிதானேக்கா செஞ்சது?” என்பார்கள். அது வரிசையைத் தாண்டியிருந்தாலாவது அவளால் நாலு வார்த்தை திட்டியிருக்க முடியும். அது ஒரு நாள், ஒரு நிமிடம்கூட வரிசையைத் தாண்டவில்லை. இருபது வருடமாக அவள் கட்டிக்காத்த ஒழுங்கை அவளைவிட ஒழுங்காக ஒரு பழைய சாமான் குவியல் கடைப்பிடித்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவளுக்கும் ஒரு மனு நிலுவையில் இருந்தது. அவளுடைய கணவர் பதினோரு மணி நேரப் பேருந்துத் தொலைவில், வேறொரு ஊரின் நகராட்சியில், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்தார். முன்பு இதே அலுவலகத்தில் பன்னிரண்டாம் இருக்கையில் இருந்தவர்தான். அவரை அங்கே மாற்றிய மறு வாரமே, இருவரையும் ஒரே இடத்தில் பணியமர்த்தக் கோரி அவள் மனுக் கொடுத்தாள். அதற்குப் பதினோரு வருடம் ஆயிற்று. மனு இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும். ஆணையரின் அறை அலமாரியில், இடமிருந்து மூன்றாவது கோப்புக் கட்டுக்குள், நீல நாடா. தினமும் நான்கு முறை அதைத் தாண்டிப் போவாள். சொந்த விஷயத்தில் சொந்தக் கை படக்கூடாது என்பதால் ஒரு முறைகூட அதைத் தொட்டதில்லை. கணவர் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார், சாயந்திரம் கிளம்பிவிடுவார். மற்ற நாட்களில் சாயந்திரம் ஏழு மணிக்கு அவர் அலுவலக அறையிலிருந்தே தொலைபேசி. அவர் மாறிப்போனபோது கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது.

“ஒரே ஒரு தடவை மிதிக்கா. மாமா வந்துடுவார்” என்று நட்டு கெஞ்சினான்.

“நான் மிதிக்க மாட்டேன். குறுக்கு வழில எனக்கு ஒண்ணும் வேணாம்.”

“குறுக்கு வழி எங்கக்கா? உன் நம்பர் வர்றப்பதானே அது போடுது.”

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். குறுக்கு வழி என்பதெல்லாம் சாக்கு. நிராகரிக்கப்பட்டது என்று அந்தப் பிரிண்டர் அடித்துத் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவளுக்கு. நிலுவையில் இருக்கும்வரை மனுவுக்கு உயிர் இருக்கிறது. இதை இருபது வருடமாக மற்றவர்களின் முகத்தில் பார்த்தவள் அவள்.

நான்காம் மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அதிகாரமில்லாமல் ஆணை பிறப்பிக்கும் இயந்திரத்தை ஏழு நாட்களுக்குள் அகற்றி அறிக்கை அனுப்பவும் என்றிருந்தது. ஆணையருக்கு உள்ளூர நிம்மதி. தான் போடாத கையெழுத்துகள் தன் கையெழுத்தைவிட அழகாக இருப்பது அவரை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொன்னார். எலக்ட்ரீஷியன் வந்து சிற்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், கடைசியில் நட்டுவைக் கூப்பிட்டு பிளக் எங்கே என்று கேட்டார்.

“பிளக்கே வெக்கலையே” என்றான் நட்டு. “திறப்பு விழா அன்னிக்கு வெக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அதுவே ஓட ஆரம்பிச்சிடுச்சு. சரி, ஓடுதேன்னு விட்டுட்டேன்.”

எலக்ட்ரீஷியன் கருவிப்பையை மூடினார். வேறு வழியில்லாமல் கடப்பாரையோடு இரண்டு ஆட்களை வரவழைப்பது என்று முடிவாயிற்று.

அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். அகற்றும் நேரத்தைக் குறித்துக்கொள்ள பதினாலக்கா பதிவேட்டோடு கீழே இறங்கி வந்தாள். வந்தால், கீபோர்டுத் தரையின் நட்ட நடுவில் நட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சொந்தமாக எந்த மனுவும் இல்லாததாலும், கல்யாணமான அக்கா பதிவேட்டுக் கணக்கில் வேறு குடும்பம் என்பதாலும், சிற்பம் அவனுக்கு வெறும் எழுத்துகளை ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தது. கடப்பாரைக்காரர்கள் தூணில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கூடியிருந்தது.

“மேடம், உங்க தம்பியை நீங்களே எழுப்பிடுங்க” என்றார் ஆணையர். “போலீஸு கீலீஸுன்னு போனா நமக்குத்தான் அசிங்கம்.”

பதினாலக்கா பதிவேட்டைத் தரையில் வைத்தாள். நான்கு மாதமாகச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்த அந்தக் கீபோர்டுத் தரையில், செருப்பைக்கூடக் கழற்றாமல், விறுவிறுவென்று ஏறினாள்.

“எந்திரிடா.”

“மாட்டேன்க்கா. என் ஒன்றரை வருஷ உழைப்பு.”

“ஒன்றரை வருஷமா?” என்று அவள் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். நான்கு கீபோர்டுகள் ஒன்றாகக் கடகடத்தன. “ரெண்டு மாசம்னு சொல்லிட்டு வந்தவன் ஒம்பது வருஷம் இருந்தியே, அது யாரு உழைப்பு? வீட்ல கால் வெக்க ஒரு மூலை விட்டு வெச்சியா? மாசத்துக்கு ஒரு தடவை வர்ற மனுஷன் உக்கார நாற்காலி இல்ல. அதுல மதர்போர்டு உக்காந்திருக்கு. அவரு என்னன்னா, பரவால்ல, நான் தரையில உக்காந்துக்கறேங்கறார். பஸ்ஸுல சீட் இல்லைன்னாலும் பரவால்ல. மாத்தல் இந்த வருஷமும் வரலைன்னாலும் பரவால்ல. பதினோரு வருஷமா ஒரே பரவால்ல!” வாக்கியத்துக்கு ஒரு மிதி விழுந்தது. நட்டு எழுந்து ஓரமாக ஒதுங்கினான். அவள் கவனிக்கவில்லை. “ஒரு தடவையாவது அந்த மனுஷன் என்னால முடியலைன்னு சொல்லியிருப்பாரா? நான்தான் சொன்னேனா? ஸ்கூல்ல அப்பாவை வரையச் சொன்னா என் பொண்ணு ஒரு செல்போனை வரைஞ்சு வெச்சிருக்காடா. அதுக்கு மீசை வேற! ஊருல எல்லாரையும் மூணாவது இணைப்பு எங்கன்னு கேக்கறவ நான். என் மனுவுல ஒம்பது இணைப்பு இருக்கு. ஒம்பது! ஒண்ணு குறையாது. இந்தக் கட்டடத்துல எவனுக்காவது அதைப் புரட்டிப் பாக்கணும்னு தோணுச்சா?”

ஆணையர் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நாற்பத்தொரு பிரிண்டர்களும் ஒரே நேரத்தில் இயங்கின. நாற்பதிலிருந்து வெறும் காகிதம் வந்தது. ஒன்றிலிருந்து ஆணை வந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே அதைக் கிழித்து எடுத்துப் படித்தாள். மனுதாரரும் அவருடைய கணவரும் ஒரே இடத்தில் பணிபுரிய ஆவன செய்யப்பட்டது. இணைப்புகள் ஒன்பதும் படித்துச் சரிபார்க்கப்பட்டன. இரண்டாவது வரியை அவள் மூன்று முறை படித்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதுவும் வெகுநேரம் நீடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நாலாவது முறை படித்தபோது பழையபடி எரிச்சல் வந்துவிட்டது.

“எந்த ஊருன்னு போடலையேடா இது. சேர வேண்டிய தேதி எங்க? இதை வெச்சுக்கிட்டு நான் எங்க போய் நிக்கறது?”

குறை உள்ள ஆணையாக இருந்தாலும் கோப்பில் சேர்த்துத்தானே ஆக வேண்டும். அவள் மாடிக்குப் போய், நடைக்கூடத்தின் கடைசியில் இருக்கும் பதிவறையின் கதவைத் திறந்தாள்.

உள்ளே அலமாரிகள் இல்லை. பச்சைச் சாயம் பூசிய ஒரு சின்ன அறை இருந்தது. மேலே மின்விசிறி டக் டக்கென்று தட்டிக்கொண்டே சுற்றியது. அந்தச் சத்தத்தை அவள் பதினோரு வருடமாகத் தொலைபேசியில் கேட்டிருக்கிறாள், பார்த்ததில்லை. அதற்குக் கீழே, செய்தித்தாளை விரித்து, டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு, அவளுடைய கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க” என்றாள்.

அவர் நிமிரவில்லை. இடது கையால் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக் காதில் வைத்து, “சொல்லும்மா, சாப்பிட்டுட்டிருக்கேன்” என்றார்.

“போனைக் கீழ வெச்சுட்டு இந்தப் பக்கம் பாருங்க.”

அவர் பார்த்தார். கையில் இருந்த கவளம் செய்தித்தாளில் விழுந்தது. “நீ எப்ப வந்த? பஸ்ஸுலயா வந்த?”

“நான் எங்க வந்தேன்? நான் பதிவறைக் கதவைத் திறந்தேன். பதிவறை எங்க?”

அவர் சோற்றுக் கையாலேயே தனக்குப் பின்னால் இருந்த கதவைக் காட்டினார். அதுவரை சுவராக இருந்த இடம் அது என்று பிறகு சொன்னார். அதன் உள்ளே நகராட்சியின் அலமாரிகள் அத்தனையும், ஒரு கோப்புகூட மாறாமல், அதே வரிசையில் நின்றன. பதினாலக்கா அதையெல்லாம் சரிபார்த்த பிறகே வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பாக்ஸை எட்டிப் பார்த்தாள். “இதையா தினமும் சாப்பிடறீங்க?” என்றாள். “பரவால்...” என்று ஆரம்பித்த அவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, “நல்லாவே இல்லம்மா. ஒரு நாளும் நல்லா இருந்ததில்ல” என்றார்.

கீழே கடப்பாரைக்காரர்கள் தயாரானபோது திரைகள் தொண்ணூற்றாறிலும் நிலுவை ஏதுமில்லை என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு சிற்பம் ஆணை எதுவும் போடவில்லை. மிதித்தால் எழுத்து ஓடியது, விசிறி சுற்றியது, பிரிண்டர் வெறும் சத்தம் போட்டது. ஆணையர் நீண்ட நேரம் யோசித்தார். அதிகாரமில்லாமல் ஆணை பிறப்பிக்கும் இயந்திரம் எதுவும் இந்த அலுவலகத்தில் இல்லை, பதிவேட்டின்படி அலங்காரப் பொருள் ஒன்று மட்டும் உள்ளது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து அதன் மேல் குதித்தார்கள். “இப்பதான் நான் நெனச்ச மாதிரி இருக்கு” என்று நட்டு நிம்மதியானான். அந்தக் கதவு வழியாகவே போய், மாமா காலி செய்த வாடகை அறையில் குடியேறிவிட்டான். அந்த ஊரிலும் ஓர் அலுவலகத்தில் பழைய கணினிகளைக் கழித்துப் போட்டிருந்தார்கள்.

கதவைப் பற்றி இரண்டு நகராட்சிகளுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடந்தது. கதவு எந்த ஊரைச் சேர்ந்தது, பழுது பார்க்க வேண்டியது யார், கடந்து போகிறவருக்குப் பயணப்படி உண்டா என்று கேள்விகள் எழுந்தன. மூன்று வருடத்துக்குப் பிறகு கடிதங்கள் நின்றன, கதவு திறந்தபடி இருந்தது. பதினோரு மணி நேரப் பயணம் செய்ய வேண்டிய சிலர், கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த வழியாகப் போய் வர ஆரம்பித்தார்கள். மகள் கதவு வந்த முதல் நாளே பள்ளிவிட்டு வந்து, கதவைத் தாண்டிப் போய், அப்பாவைச் சுற்றி ஒரு சுற்று வந்து பார்த்தாள். “அப்பாவுக்குக் காது ரெண்டும் வேற வேற அளவா இருக்கு” என்று அம்மாவிடம் வந்து சொன்னாள். மறுநாளிலிருந்து வீட்டுப்பாடத்தை அவருடைய மேசையில் உட்கார்ந்து எழுதினாள்.

பதினோரு வருடம் தனியாக இருந்த இரண்டு பேர் ஒரு கதவின் இரு பக்கமும் உட்கார்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. அவர் பேனா மூடியைக் கடிக்கும் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் கூட்டல் போடும்போது வாய்விட்டுச் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. இதற்கா இத்தனை பாடு என்று இருவரும் தினம் இரண்டு முறையாவது சொல்லிக்கொண்டார்கள், சாயந்திரம் ஐந்தே முக்காலுக்கு ஒன்றாக வீட்டுக்குப் போனார்கள். அந்த ஊரில் மழைக்காலம் சீக்கிரமே பிடித்துவிடும். இந்தப் பக்கம் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே அவருடைய அறை ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, கதவைத் தாண்டி வந்து, நடைக்கூடத்துத் தரையை நனைக்கும்.

“ஏங்க, மழை வந்தா கதவைச் சாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது? காது இருக்கா இல்லையா?” என்று பதினான்காம் இருக்கையிலிருந்து சத்தம் போகும். அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு எழுந்து, இந்தப் பக்கமாக வந்து நின்று, கதவைச் சாத்துவார்.